ஆமைப் படகு

பன்னிரு தீவு என்ற இணைய விளையாட்டில் புதுச் சரக்கு இறங்கிய அன்று, ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் கம்பெனியைத் திட்டினார்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கம்பெனி எதுவும் கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்பார்கள். கொடுத்தால் இதையா கேட்டோம் என்பார்கள். மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைத் திருப்திப்படுத்தினாலும் படுத்தலாம், இவர்களை முடியாது.

ஆனால் இந்த முறை அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. இரண்டு தலைப் பாம்பு வருகிறது, இரண்டு தலைப் பாம்பு வருகிறது என்று மாதக்கணக்கில் தண்டோரா போட்டார்கள். வந்த பாம்பு நாலு அடியில் செத்துப்போனது. நெருப்புச் சிறகு என்று ஒன்று விட்டார்கள். அதை மாட்டிக்கொண்டு திரும்பினால் சிறகு தொப்பியைத் துளைத்துக்கொண்டு நெற்றி வழியாக வெளியே வந்தது. வருஷக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த வாள்கள் எல்லாம் புது வாளுக்கு முன்னால் காய் நறுக்கக்கூட உதவாது என்று ஆகிவிட்டது. ஆட்டக்காரர்கள் கூடிப் பேசுவதற்கென்று கம்பெனியே இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தது. அங்கே புகார் மேல் புகாராக வந்து விழுந்தது. சிலவற்றைப் பெண்டுபிள்ளைகளை வைத்துக்கொண்டு வாசிக்க முடியாது.

இத்தனை வசவுக்கும் நடுவில் ஒன்றை மட்டும் எல்லாரும் வாயாரப் புகழ்ந்தார்கள். அது ஒளிக்கதவு. அதுவரை முதல் தீவிலிருந்து கடைசித் தீவுக்குப் போக வேண்டுமென்றால் ஒரே ஒரு படகுதான். ஏறி உட்கார்ந்தால் கால் மணி நேரம் ஆகும். படகில் சண்டை போட முடியாது, மீன் பிடிக்க முடியாது, எதையும் வாங்கவோ விற்கவோ முடியாது. எதிரே இருக்கிற ஆளோடு எழுத்தில் பேசலாம், இல்லையென்றால் தண்ணீரைப் பார்க்கலாம். அவ்வளவுதான். அதற்கு ஆமைப் படகு என்று பெயர் வைத்து, அதை உருவாக்கியவனின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசினார்கள். இப்போது ஒளிக்கதவுக்குள் காலை வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் அக்கரை. படகைத் துறையிலேயே ஒரு கம்பத்தில் கட்டி அலங்காரமாக நிறுத்திவிட்டார்கள். யாரும் ஏற முடியாது.

அந்தப் படகுக்காகக் கண் கலங்கியது ஒரே ஒரு ஆள். கண்ணாடிக்கடை அக்கா.

அக்காவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் பின்கட்டு வேலை. முன்பக்கம் குளிரூட்டிய இடத்தில் கண்ணைப் பரிசோதிப்பார்கள், சட்டங்களை வரிசையாக மாட்டி வைத்து விற்பார்கள். பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் கண்ணாடிச் சில்லைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்க்கிற இயந்திரம், அதிலிருந்து வழிகிற வெள்ளைத் தண்ணீருக்கு ஒரு வாளி, எறும்புத் தலை அளவுத் திருகாணிகள் போட்ட டப்பாக்கள், முதுகில்லாத ஒரு முக்காலி. சட்டத்தைச் சூடான காற்றில் காட்டி, காதில் சரியாக உட்காரும்படி வளைப்பது அவள் வேலை. கண்ணாடி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குகிறது என்று யாராவது குறை சொன்னால், குற்றம் கண்ணாடியில் இல்லை, உங்கள் காதில் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். வாய் அப்படி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அக்காவும் அப்படித்தான் கெட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. அம்மா வேலைக்குப் போய்விட்டால் அவனுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது அவள்தான். வீட்டு ரகசியம் ஒன்று அவன் காதில் விழுந்தால் மறுநிமிஷம் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் அவனுக்கு ஓட்டைவாளி என்று பெயர் வைத்தாள். வளர்ந்து பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் ஆனான். அங்கேயே அலுவலக அறையில் வேலை பார்த்த ஒரு பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டான்.

கல்யாணத்தன்று மாலை உறவுக்காரர்கள் சூழ்ந்து உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். யார் என்ன கேட்டாலும் மணப்பெண் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். அக்கா சும்மா இருந்திருக்கலாம். எங்கள் வீட்டு ஓட்டைவாளிக்கு இந்த வாயில்லாப்பூச்சிதான் சரியான மூடி என்று ஒரு போடு போட்டாள். கூடமே சிரித்தது. பெண்ணின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். அவளிடம் மன்னிப்புக் கேள் என்றான் தம்பி. மூத்தவள் நான், நேற்று வந்தவளிடம் மன்னிப்பா என்றாள் அக்கா. பேச்சு தடித்தது. இனி உன் வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று அவன் சொல்ல, மிதிக்காதே என்று இவள் சொல்ல, ஏழு வருஷம் ஓடிவிட்டது.

ஏழு வருஷமும் அவளுக்கு அந்த நினைப்புத்தான். கடைக்கு வருகிற வாலிபன் எவனாவது தலையைச் சொறிந்தால்கூடத் தம்பி ஞாபகம் வரும். ஆனால் போன் போடமாட்டாள். அக்காவின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சலைக் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் அளந்துதான் பேசுவார். "ஒரு போன் போட்டா முடியற விஷயம்" என்று ஒரு நாள் சொன்னார்.

"அவன் சின்னவன். அவன்தான் போடணும்."

"ஏழு வருஷத்துல அவனும் பெரியவனாயிருப்பான்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

அக்காவின் மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது தன் பழைய கணினியை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். போகிற போக்கில், மாமாவும் நானும் பன்னிரு தீவு விளையாட்டில்தான் பேசிக்கொள்வோம், அதில் அவருக்கு ஓட்டைவாளி என்றுதான் பெயர் என்றும் சொல்லிவிட்டாள். தான் வைத்த பெயரை அவன் தூக்கி எறியவில்லை. மகள் ரயிலேறிய மறுநாளே அவள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

ஆள் தெரியக் கூடாது என்று ஆண் உருவம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெரிய மீசை ஒட்டி, வழிப்போக்கன் என்று பெயரும் கொடுத்தாள். அந்த மீசைக்காரன் சுவரில் முட்டிக்கொண்டும், தண்ணீரில் விழுந்துகொண்டும், ஒரு கோழியிடம் அடி வாங்கிச் செத்துக்கொண்டும் பல நாள் அல்லாடினான். ஒரு சாயங்காலம், கடை விட்டு வந்து அவள் உட்கார்ந்த நேரம், தலைக்கு மேலே ஓட்டைவாளி என்ற எழுத்து மிதக்க ஓர் உருவம் அவளைத் தாண்டிப் போய் ஆமைப் படகில் ஏறிற்று. அக்கா கண்ட விசைகளை எல்லாம் அமுக்கி எப்படியோ தானும் ஏறிவிட்டாள்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. படகு ரொம்ப மெதுவாகப் போகிறதே என்று எழுதினாள். வெகு நேரம் கழித்து 'ஆமா' என்று வந்தது. கரை சேரும்வரை அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அதே நேரத்துக்குப் போனாள். அந்த உருவமும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அட, நீங்களா என்று இருவரும் தினமும் ஆச்சரியப்பட்டுக்கொள்வார்கள். நாளைக்கு வருவீர்களா என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் அது ஏற்பாடு ஆகிவிடும். ஏற்பாடு என்று வந்துவிட்டால், பிறகு நீ யார் நான் யார் என்ற பேச்சும் வரும். தற்செயலாகச் சந்திப்பதில் வீம்புக்குப் பங்கமில்லை. அக்கரையில் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஓட்டைவாளி திரும்புகிற படகிலேயே தானும் தற்செயலாக ஏறுவாள். உலகத்திலேயே அவ்வளவு உழைத்து உண்டாக்கிய தற்செயல் வேறு இருக்காது.

ஓட்டைவாளிக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நாலைந்து அலை அடித்துவிடும். ஸ்பானர் பிடித்துப் பிடித்து விரல் தடித்திருக்கும் என்று அக்கா சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் பிரியமாகக் கேள்வி வரும். சாப்பிட்டாச்சா என்று வரும். மழை பெய்கிறதே, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று வரும். நாள் முழுக்க அந்தச் சின்னத் திருகாணிகளைப் பார்க்கிறீர்களே, உங்கள் கண்ணை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு முறை வந்தது. காய்ச்சலில் இரண்டு நாள் அவள் போகாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் படகில் ஏறினால், எங்கே போய்விட்டீர்கள் என்று கேள்வி ஏற்கனவே காத்திருந்தது. பெற்ற மகள்கூட அப்படிக் கேட்கவில்லை.

அவளும் கடை வேலை, முட்டி வலி என்று எல்லாம் பேசினாள். தனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்றாள். சின்ன வயதில் அவன் பித்தளைச் செம்புக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்டதையும், தெருவே கூடி எண்ணெய் ஊற்றி இழுத்ததையும், கை வெளியே வந்ததும் அவன் மறுபடியும் உள்ளே விட்டுப் பார்த்ததையும் சொன்னாள். மீசையை ஒட்டிக்கொண்டு சேலையை மறைக்க மறந்த வேஷம்தான். இருந்தும் தான் அகப்படவில்லை என்று நிச்சயமாக நம்பினாள்.

ஒரு நாள் வாய் சும்மா இராமல் தம்பி மனைவியைப் பற்றியும் அவிழ்த்துவிட்டாள். வாயைத் திறக்காதவள்தான், ஆனால் ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்களே, அவள்தான் எங்களைப் பிரித்துவிட்டாள் என்று எழுதினாள். அன்று பதில் வர வழக்கத்தைவிட நேரமாயிற்று. அப்படியா என்று மட்டும் வந்தது. பெண்டாட்டியை விட்டுக்கொடுக்காத பிள்ளை என்று அக்காவுக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

இப்படி ஒரு வருஷம் போனபிறகுதான் கம்பெனிக்காரன் பாம்பையும் சிறகையும் ஒளிக்கதவையும் கொண்டுவந்து இறக்கினான்.

புதுச் சரக்கு வந்த அன்றும் அக்கா வழக்கமான நேரத்துக்குத் துறைக்குப் போனாள். கட்டிப்போட்ட படகின் பக்கத்தில் மீசைக்காரனை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். ஒளிக்கதவுக்கு முன்னால் கூட்டம் நெரிந்தது. வருகிறவர்கள் வந்த வேகத்தில் மறைந்தார்கள். நெற்றியில் சிறகு முளைத்தவர்கள்கூட நிற்கவில்லை. ஓட்டைவாளியைக் காணோம். மறுநாளும் காணோம். அந்த வாரம் முழுக்கக் காணோம்.

செய்தி அனுப்ப விளையாட்டில் வழி இருந்தது. பெயரை அழுத்தி, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் முடிந்தது. அக்கா அழுத்துவாள், எழுதுவாள், அழிப்பாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? படகு இல்லாமல் வழிப்போக்கனுக்கும் ஓட்டைவாளிக்கும் என்ன உறவு? வீட்டில் உட்கார்ந்திருக்கிற தம்பியைக் கூப்பிட எவ்வளவு கூச்சமோ அவ்வளவு கூச்சம் இதற்கும் வந்துவிட்டது.

கடைசியில் அவளும் புகார்ப் பக்கத்துக்குப் போனாள். பாம்பைப் பற்றியும் வாளைப் பற்றியும் ஊர் கொந்தளித்துக்கொண்டிருந்த இடத்தில், தயவுசெய்து படகைத் திருப்பி விடுங்கள் என்று ஒரு வரி போட்டாள். அதுவரை வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. தாத்தா, கட்டைவண்டியும் வேண்டுமா என்றான் ஒருவன். இவரைப் போல நாலு பேர் கேட்டால் கம்பெனி நம்மை நீந்திப் போகச் சொல்லிவிடும் என்றான் இன்னொருவன். கம்பெனியின் பொறுப்பாளர் மட்டும் மரியாதையாக, படகில் உங்களுக்குப் பிடித்தது எது, காரணம் சொன்னால் பரிசீலிக்க வசதியாக இருக்கும் என்று எழுதினார்.

உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. கடல் காட்சி அழகாக இருக்கும் என்றாள். துறையில் நின்றாலே கடல் தெரியுமே என்று பதில் வந்தது. கதவுக்குள் போனால் தலை சுற்றுகிறது என்றாள். வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள இன்ன இடத்தில் அழுத்துங்கள் என்று படம் போட்டு விளக்கினார்கள். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு மாற்று வைத்திருந்தான் கம்பெனிக்காரன்.

கடையில் வேலை ஓடவில்லை. ஒரு பெரியவரின் கண்ணாடியில் இடது கண் சில்லை வலப்பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டாள். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் படியில் தடுக்கி, பிழைத்தது புண்ணியம் என்று திரும்பி வந்தார். இத்தனை வருஷத்தில் அவள் கையால் அப்படி ஒரு தப்பு நடந்ததில்லை. முதலாளி திட்டவில்லை, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். பின்கட்டுக்குப் போய், சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து போனில் அதே புகார்ப் பக்கத்தைத் திறந்தாள். இந்த முறை அழிக்கவில்லை.

அந்தப் படகில் நான் என் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று எழுதினாள். நான் அவனுடைய அக்கா. அது அவனுக்குத் தெரியாது. நேரில் எங்களுக்குப் பேச்சில்லை. படகில் ஏறிவிட்டால் கரை வரும்வரை எழுந்து போக முடியாது, அதனால்தான் அவன் என்னோடு பேசினான். உங்கள் கதவில் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. எனக்குப் பாம்பு வேண்டாம், சிறகு வேண்டாம், அவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் தம்பி கால் மணி நேரம் என் எதிரே உட்கார்ந்திருந்தால் எனக்குப் போதும்.

கட்டைவண்டி கேட்டவனே முதலில் வந்து, மன்னிச்சிடுங்க அக்கா என்றான். இன்னொருத்தி, என் சிநேகிதி எனக்குக் கிடைத்ததே அந்தப் படகில்தான் என்றாள். படகைத் திட்டியவர்களே படகு வேண்டும் என்று கம்பெனியைத் திட்டத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் திட்டுவதற்கு ஏதாவது ஒன்று கிடைத்தால் சரி. பொறுப்பாளர், உங்கள் உணர்வை மேலிடத்துக்குத் தெரிவித்திருக்கிறோம் என்றார். மேலிடம் எங்கேயும் ஒரே மாதிரிதான். படகு கம்பத்திலேயே கிடந்தது.

இரண்டு நாள் கழித்து, மத்தியான நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. அப்போது கையில் ஒரு சட்டமும் சின்னத் திருப்புளியும் இருந்தன. வாடிக்கையாளர் என்று நினைத்து, கண்ணாடி சாயங்காலம் தயாராகிவிடும் என்றாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது மட்டும் கேட்டது.

"அ... அண்ணி" என்றது ஒரு பெண் குரல். "நான்தான்."

அவளை அண்ணி என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திக்குத்தான் முறை. தம்பி மனைவியின் குரலை அக்கா அன்றுதான் முதல்முதலாகக் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையும் தொண்டையில் மாட்டிக்கொண்டு, இழுபட்டு, பிறகுதான் வெளியே வந்தது. அவளுக்குத் திக்குவாய். கல்யாணத்தன்று கூடத்தில் ஏன் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள் என்பது, கேட்ட முதல் வாக்கியத்திலேயே அக்காவுக்குப் புரிந்துபோயிற்று. கையிலிருந்த திருப்புளியை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"நீங்க எழுதினதைப் படிச்சேன்" என்றாள் தம்பி மனைவி. "படகுல வந்தது அவர் இல்ல, அண்ணி. நான்."

பிறகு அவள் நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவின் மகள் படிக்கப் போனதும், கூட ஆட ஆளில்லாமல் அவளுடைய மாமா விளையாட்டை விட்டுவிட்டாராம். எழுத்தில் தனக்குத் திக்காது என்பதால் இவள் அவருடைய பெயரிலேயே ஆடத் தொடங்கினாளாம். படகில் வருகிற மீசைக்காரர் யாரோ எவரோ என்றுதான் முதலில் நினைத்தாளாம். ஒரு நாள் அந்த மீசைக்காரர் செம்புக்குள் கை மாட்டிய கதையை எழுத, வேடிக்கையாக இருக்கிறதே என்று புருஷனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. அது தன் அக்கா என்று சொல்லிவிட்டு, பால்கனிக்குப் போய் வெகு நேரம் நின்றார்.

மறுநாளிலிருந்து, படகு நேரம் வந்தால் அவரே கணினியைப் போட்டுவிடுவாராம். ஆனால் எதிரே உட்காரமாட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். நீ பேசு, எனக்கென்ன என்பார். அதே சமயம் ஒரு வரி விடாமல் சத்தமாக வாசிக்கவும் வேண்டும். திக்கித் திக்கி வாசித்தாலும் அவர் அவசரப்படுத்துவதில்லை. பதில் வருவதற்குள் ஏன் அத்தனை அலை அடித்தது என்று அக்காவுக்கு இப்போது விளங்கிற்று.

இன்னொன்றும் சொன்னாள். படகை நிறுத்திய பிறகு அவளும் தினமும் காத்திருந்தாளாம். அண்ணி எப்படியும் வந்து இறங்குவார் என்று அக்கரையில், படகு வந்து சேருகிற இடத்தில் போய் நின்றாளாம். ஒரு வாரம் இக்கரையில் ஒருத்தியும் அக்கரையில் ஒருத்தியுமாக, நடுவில் ஒரு நொடியில் கடக்கிற கதவை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள்.

அக்காவுக்கு அதைக் கேட்டுச் சிரிக்க வரவில்லை. வேறொன்று நெஞ்சில் உறுத்தியது. அவள் குரல் இறங்கிப்போயிற்று.

"அப்போ, உன்னைப் பத்தி நான் அன்னைக்கு எழுதினேனே... ஊமை, அது இதுன்னு..."

"அதை மட்டும் நான் வாசிக்கல, அண்ணி."

அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். இயந்திரத்திலிருந்து வாளிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நேற்று வந்தவளிடம் மன்னிப்பா என்று கேட்டவளுக்கு, இப்போது அதைத் தவிர வேறு வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை.

"தப்பு என்னுதும்மா. அன்னைக்கும் என் தப்புதான், படகுலயும் என் தப்புதான். என்னை மன்னிச்சுடு."

தம்பி மனைவி விடுங்கள் அண்ணி என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினாள். அக்கா பொறுமையாகக் காத்திருந்தாள். வாழ்க்கையில் இன்னொருவர் பேசி முடிக்கும்வரை அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றுதான்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு வருஷம் முழுக்க அவள் தம்பி என்று நினைத்துப் பேசியது தம்பி இல்லை. வாசித்துக் காட்டியதை அவன் கேட்டிருக்கலாம், சுவரும்தான் கேட்கிறது. அவன் பேசவில்லையே. தேடித் தேடிப் போய், தவம் கிடந்து பெற்றது அத்தனையும் வேறு ஒருத்தி கொடுத்ததா? கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்போ என்கிட்ட பேசினது முழுக்க நீதானா? அவன் ஒண்ணுமே சொல்லலியா?"

அந்தப் பக்கம் வார்த்தை மாட்டிக்கொண்டு நின்றது. பிறகு மெதுவாக வந்தது.

"கேள்வி எல்லாம் அவர் கேட்டது, அண்ணி. பதில் மட்டும்தான் நான்."

சாப்பிட்டாச்சா. முட்டி வலி எப்படி இருக்கிறது. உங்கள் கண்ணை யார் பார்க்கிறார்கள். எங்கே போய்விட்டீர்கள். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அவன் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறான். அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். முன்பக்கத்திலிருந்து முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

"இப்ப அவன் எங்க இருக்கான்?" என்று கேட்டாள்.

இன்று அவருக்கு விடுமுறை, இங்கேதான் இருக்கிறார் என்றாள் தம்பி மனைவி. வழக்கம்போல நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். போனைக் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்கிறாராம்.

"கொடுக்க வேண்டாம். சாப்பிட்டானான்னு மட்டும் கேளு."

போனை வாயிலிருந்து தள்ளிப் பிடிப்பது தெரிந்தது. அவள் திக்கித் திக்கிக் கேட்பதும் தூரத்தில் கேட்டது. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஓர் ஆண் குரல், மனைவியைப் பார்த்துச் சொல்வதுபோல, சாப்பிட்டேன்னு சொல்லு என்றது.

எழுத்துக்குக் குரல் கிடையாது. படகில் வந்த வரிகளை எல்லாம் அக்கா ஏழு வருஷத்துக்கு முந்தின குரலில்தான் படித்துக்கொண்டிருந்தாள். இது அந்தக் குரல் இல்லை. தடித்து, கரகரத்து, கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு இருந்த மாதிரி ஆகியிருந்தது. தம்பிக்கு வயதாகிவிட்டது. அவள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஆகிவிட்டது.

"சாப்பிட்டாராம், அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

காதில் விழுந்துவிட்டது என்று அக்கா சொல்லவில்லை. போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"என்ன சாப்பிட்டானாம்? அதையும் கேளு."